சுரண்டாத நீலம்

சாச்சாக்
மார்ச் 6, 1997

அன்புள்ள கூமா லியுபிங்கா,

உன் புருஷன் கடிதம் படிக்கிற ஆள் இல்லை. இரண்டு வரி படிப்பதற்குள் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று எழுந்து போய்விடுவான். அதனால் ரதோசாவுக்குச் சொல்ல வேண்டியதை உனக்கே எழுதுகிறேன். அடுப்பங்கரையில் உட்கார வைத்துச் சத்தமாய்ப் படித்துக் காட்டு.

பஸ் டிரைவர் பாயாவிடம் ஒரு மரப்பெட்டி கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமைப் பகல் வண்டி பிரோட் வந்ததும் மறக்காமல் போய் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது உங்கள் ஸ்பிரிங் கம்ப்ரசர், அந்த இறுக்கி ஜோடி. அந்த இரண்டு நீளத் திருகும் இல்லையென்றால் என் கிழட்டு ட்ரிஸ்தாச் காருக்கு முன் ஸ்பிரிங் மாற்றியிருக்கவே முடியாது. பக்கத்துக்கு ஒன்றாய்க் கொக்கி மாட்டித் திருகத் திருக, அந்த முரட்டு ஸ்பிரிங் அடிபட்ட பூனை மாதிரி ஒடுங்கிவிட்டது. வண்டி இப்போது நிமிர்ந்து நிற்கிறது. நான்தான் கூனிப்போயிருக்கிறேன்.

திருகெல்லாம் எண்ணெயும் அழுக்குமாய்ப் பார்க்கச் சகிக்கவில்லை. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, எங்கள் கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த நீலத்தை இரண்டு கோட்டிங் கொடுத்தேன். உன் மாமனார் இத்தாலிக்குப் போய் ட்ரியெஸ்தேயிலிருந்து இதை வாங்கிவந்த அன்றுகூட இவ்வளவு அழகாய் இருந்திருக்காது. இரவல் வாங்கிய சாமானை வாங்கினபடியே திருப்புவது எனக்குப் பிடிக்காது. பெட்டியைக் காலியாய் அனுப்புவது என் வீட்டுக்காரி ஸ்தானியாவுக்குப் பிடிக்காது. அதனால் திருகுகளுக்கு நடுவே ஒரு பாட்டில் பிளம் ராக்கியாச் சாராயமும் ஒரு பை வால்நட்டும் இருக்கும். ராக்கியாவை ரதோசாவ் கண்ணில் படாமல் ஒளித்துவை.

அவனும் மே மாத ஜார்ஜ் திருநாளுக்குள் தன் ட்ரிஸ்தாச்சில் ஸ்பிரிங்கை மாற்றி முடிக்கட்டும். உன் மகள் யெலித்சாவின் பாப்பாவை ஞானஸ்நானத்துக்கு அந்த வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். உங்கள் கல்யாணத்தில் கூம் என்று சாட்சி நின்றேன். யெலித்சாவை ஞானத்தகப்பனாய்த் தொட்டித் தண்ணீரிலிருந்து தூக்கினேன். இப்போது அவள் மகளையும் தூக்கப்போகிறேன். என் அப்பா உன் மாமனாருக்குக் கூம், நான் உங்களுக்குக் கூம். இது அறுந்துபோனதாய் நம் இரண்டு வீட்டிலும் பேச்சே கிடையாது. பாப்பாவுக்கு என்ன பெயர் என்று நீ தலைகீழாய் நின்று கேட்டாலும் சொல்லமாட்டேன். கூம் வைக்கிற பெயர் சர்ச்சில் பாதிரியார் கேட்கும்போதுதான் வெளியே வரும்.

போன் பண்ணாதே. பிரஸ் பட்டறையில் செத்த காது என்னுடையது. ஸ்தானியா எடுத்து உன்னிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பாள். எழுது.

உங்கள் கூம்,
மோமிர்


பிரோட்
மார்ச் 24, 1997

மோமிர்,

சனிக்கிழமை ரதோசாவ் புது ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டிருந்தார். பாதி இறுக்கியிருந்தார். நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் சுவரோடு சுவராய் உட்கார்ந்திருந்தார். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை.

ஒரு திருகின் கொக்கி உடைந்திருக்கிறது. உடைந்த துண்டு இடது கண்ணில். வளைந்து துள்ளிய ஸ்பிரிங் தாடையில். நிஷ் ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது. நான் கொண்டுபோன நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுகிறார். முதலில் எழுதியது, "வண்டிக்கு ஏதாச்சும் ஆச்சா?"

உடைந்த துண்டை டாக்டர் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். கழுவிப் பார்த்தேன். துண்டின் உடைந்த பக்கத்தில் பாதிதான் வெள்ளி மாதிரிப் பளபளக்கிறது. மீதிப் பாதி நீலம். மேலே அல்ல, உள்ளே. இரும்புக்குள்ளே உங்கள் கேட்டின் நீலம். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள், இரும்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வெடிப்பு முதலில் வந்தது, பெயிண்ட் பிறகு வந்தது என்பது எனக்குக்கூடத் தெரிகிறது.

பார்த்துவிட்டுப் பூசினீர்களா, பார்க்காமல் பூசினீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். போன் செய்து ஸ்தானியாவிடம் கத்தியிருப்பேன். அவள் என்ன பாவம் செய்தாள்.

லியுபிங்கா


சாச்சாக்
மார்ச் 26

லியுபிங்கா, கூமா,

பார்க்கவில்லை. என் பேத்திகள்மேல் சத்தியம், பார்க்கவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. அந்த ஸ்பிரிங் இப்போது எங்கே? நீ எழுதவில்லை. ஒரு கொக்கிதான் உடைந்தது என்றால் இன்னொரு திருகு இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாதி இறுக்கிய ஸ்பிரிங், ஒற்றைத் திருகில், ஒரு பக்கமாய் வளைந்து. கூமா, அது சும்மா தொங்குகிற இரும்பு இல்லை. கதவைப் பூட்டு. சாவியை உன் கழுத்தில் போட்டுக்கொள். யெலித்சாவை முற்றத்தின் அந்தப் பக்கம் விடாதே. கோழி, பூனை எதுவும் உள்ளே போகக்கூடாது. முக்கியமாய் யாராவது பெரிய மெக்கானிக் வந்து, "கேஸ் வெச்சு அறுத்துட்டா வேலை முடிஞ்சுது" என்றால் அவனை அடித்துத் துரத்து. சூடுபட்டால் அந்தத் திருகும் போகும், அறுக்கிறவனும் போவான்.

நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை பாயாவின் வண்டியிலேயே வருகிறேன். அதை இறக்கி வைத்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுகிறேன். ரதோசாவ் என்னைப் பார்க்கக்கூட வேண்டாம்.

உன் கடிதம் வந்ததிலிருந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கைதான் தேய்த்தது. இந்தக் கைதான் பூசியது. கண்ணில் படவில்லை, லியுபிங்கா.

மோமிர்


பிரோட்
ஏப்ரல் 3

மோமிர்,

வராதீர்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் பஸ்ஸில் ஏறிவிடுவீர்களோ என்று பயந்து ஸ்தானியாவுக்கு நான் போன் செய்தது இதைச் சொல்லத்தான். ரதோசாவ் வீட்டுக்கு வந்துவிட்டார். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தாளைப் பிடுங்கி எழுதினார்: "அவன் வாசப்படி மிதிச்சான்னா நான் கொல்லைப்பக்கமா வீட்டவிட்டுப் போயிடுவேன்."

நீங்கள் சொன்னபடியே கதவைப் பூட்டினேன். சாவி என் கழுத்தில்தான் இருக்கிறது, குளிக்கும்போதும். ஊரிலிருக்கும் இரண்டு மெக்கானிக்குகளைக் கூப்பிட்டேன். ஒருவர் ஜன்னல் வழியாய்ப் பார்த்துவிட்டு, "எனக்குப் புள்ளகுட்டி இருக்கும்மா" என்று போய்விட்டார். இன்னொருவர் நீங்கள் எழுதிய அதே வார்த்தையைச் சொன்னார், கேஸ் வைத்து அறுக்கலாம் என்று. அனுப்பிவிட்டேன். மருமகன் தானே செய்துவிடுவதாய்க் குதிக்கிறான். அவனுக்கு டயர் மாற்றக்கூடத் தெரியாது. ரதோசாவோ ஒரு கண்ணோடு தினமும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். சாவிக்காக என் கழுத்தைப் பார்க்கிறார். என்றைக்காவது நான் வேலைக்குப் போன நேரத்தில் பூட்டை உடைப்பார். மறு கண்ணும் போகும்.

அதனால் எப்படிச் செய்வது என்று எனக்கு எழுதுங்கள். நான் செய்கிறேன். முட்டாளுக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள்.

இன்னொன்று. ஸ்தானியா போனில் அழுதாள். நீங்கள் திருகும்போது பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். "டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு கூமா, நான் சொன்னேன், அவருதான் சிரிச்சாரு" என்றாள். சத்தியம் செய்வதற்கு முன்னால் இதை எழுதியிருக்கலாமே.

லியுபிங்கா


சாச்சாக்
ஏப்ரல் 6

கூமா,

கேட்டாள். என்னிடமும் சொன்னாள். கொக்கி ஸ்பிரிங்கில் சரிந்து உட்காரும்போதும் டக் என்னும். அதுதான் என்று நான் சொன்னேன், சிரித்தேன். அது எந்த டக் என்று பிரித்துச் சொல்லக் காது வேண்டும். நல்ல காது இருந்த காலத்தில் நான் இரும்பைத் தட்டிப் பார்த்தே வெடிப்பைச் சொல்லிவிடுவேன். இப்போது கையில் வருகிற அதிர்வை வைத்து நடத்துகிறேன். அன்றைக்குக் கையில் ஒன்றும் வரவில்லை.

இனி வேலை. நிதானமாய்ப் படி. இரண்டு தடவை படி.

பாயாவிடம் அதே பெட்டியில் புது இறுக்கி ஒரு ஜோடி அனுப்புகிறேன். பெயிண்ட் இல்லாத வெறும் இரும்பு. புதுசு என்று அதையும் நம்பாதே. துடைத்து மண்ணெண்ணெயில் ஊறவை. சுத்தமாய்த் துடைத்துவிட்டு சாக்பீஸை உரசிப் பூசி கொஞ்ச நேரம் வை. எங்காவது வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைமேல் கோடு போடும். கோடு வந்தால் தூக்கி எறி, வேறு அனுப்புகிறேன்.

வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கிறதா, முட்டுக்கொடுத்து நிற்கிறதா பார். முட்டு இல்லாமல் அதன் கிட்டே போகாதே. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வை. அப்புறம் சங்கிலி. மாடு கட்டுகிற சங்கிலி போதாது, மரம் இழுக்கிற சங்கிலி. ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்குள் விட்டு, கீழே சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்மையும் சேர்த்துச் சுற்றி, முனைகளை போல்ட் போட்டு முடுக்கு. அறுத்துக்கொண்டு பறந்தாலும் சங்கிலியோடு நின்றுவிட வேண்டும். அதன்மேல் பழைய மெத்தையைச் சார்த்திவை.

நீல இறுக்கியை முதலில் தொடாதே. அதுவும் உடைந்தது என்றே நினைத்துக்கொள். புது ஜோடியை அதன் இரண்டு பக்கத்திலும் எதிரெதிராய் மாட்டு. முடிந்தவரை அதிகச் சுற்றுகளைக் கொக்கிக்குள் பிடி. நீளக் கைப்பிடி ஸ்பேனர் மட்டும், மோட்டார் வைத்த எதுவும் கூடாது. இந்தப் பக்கம் இரண்டு முறை திருகு, அந்தப் பக்கம் இரண்டு முறை திருகு. ஒரு பக்கம் முந்தினால் ஸ்பிரிங் வாழைக்காய் மாதிரி வளையும், வளைந்தால் நிறுத்து. பாரம் புதுசுக்கு வந்துவிட்டால் நீலம் தானாய்த் தளர்ந்து ஆடும். அதைக் கழற்று. பிறகு புதுசை இதேபோல் மாற்றி மாற்றித் தளர்த்து. ஸ்பிரிங் கையில் ஆடும்வரை விடாதே.

எப்போதும் பக்கவாட்டில் நில். ஸ்பிரிங்கின் நீளம் எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையில் உன் முகம் இருக்கக்கூடாது, வயிறு இருக்கக்கூடாது. கண்ணாடி போட்டுக்கொள். அவசரம் வந்தால் வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வா.

இதை எழுதுகிறவன் அங்கே வந்து நின்றிருக்க வேண்டும். நின்று பழகிய ஒரே ஆள் நான்தான். என்னை விடாமல் உன்னை அனுப்புகிறான் அந்தக் கழுதை. இதையும் படித்துக் காட்டு.

மோமிர்


பிரோட்
ஏப்ரல் 21

மோமிருக்கு,

முடிந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காலையில் சமையலறை மேஜையில் உங்கள் புது ஜோடியைப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தேன். யெலித்சாவின் பழைய சாக்பீஸை உரசினேன். ரதோசாவ் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோடு எதுவும் வரவில்லை. தலையைத் தூக்கினால் அவர் அழுதுகொண்டிருந்தார். கண் போன பக்கத்திலிருந்தும் தண்ணீர் வருகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எழுதிக் காட்டினார். அதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் பாப்பாரு. நானும்தான். இந்தத் தடவ பெட்டியத் தொறந்தேன், நீலமா மின்னுச்சு. சுரண்டிட்டுத்தான் சாக்பீஸ் போடணும். கத்திய எடுத்தேன்டி. கூம் ஆசையாப் பூசி அனுப்பிருக்கான், அதப்போய் சுரண்டுறதான்னு வெச்சுட்டேன்."

ஒரு மாதமாய் உங்களைத் திட்டியிருக்கிறேன், மோமிர். இரவில் படுக்கையில் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பாத்திரத்தைக் கழுவினேன்.

பிறகு அவரும் என்னோடு வந்தார். தடுக்க முடியவில்லை. சங்கிலியை அவர் போட்டார், மெத்தையை நான் சார்த்தினேன். திருகுவது என் முறை என்று சொல்லிவிட்டேன். பக்கத்துக்கு இரண்டு. நான் அவசரப்பட்டால் அவர் தரையில் காலால் தட்டுவார், நான் நிறுத்துவேன். இரண்டு தடவை வெளியே போய் நின்றோம். கடைசியில் நீலத் திருகு கலகலவென்று ஆடி என் காலடியில் விழுந்தது. மத்தியானத்துக்குள் ஸ்பிரிங் வெறும் இரும்பாகிவிட்டது. அவர் அதைக் காலால் உருட்டிவிட்டார்.

இனி எழுதக் கஷ்டமானது. அன்று மாலை அவரிடம் கேட்டேன், "இனிமே கூமைக் கூப்பிடலாம்ல?" பிறகு எழுதினார்: "அவன்மேல தப்பில்ல. என்மேல இருக்கறதும் தப்புன்னு சொல்ல முடியல. ஆனா அவன் மூஞ்சியப் பாக்க என்னால ஆகாது. பாப்பாவ அவன் தூக்கறப்ப நான் அவன் கையத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்." யெலித்சா அழுதாள், கெஞ்சினாள். அவர் தாளைத் திருப்பிவைத்துவிட்டார்.

மருமகனின் சித்தப்பா மகன் கூம் நிற்கிறான். சொல்லியாகிவிட்டது. உங்கள் பெட்டி நாளைய வண்டியில் வரும்.

லியுபிங்கா


சாச்சாக்
ஏப்ரல் 29

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், லியுபிங்கா.

ஈஸ்டருக்கு முன்னாலேயே பெட்டி வந்தது. புது இறுக்கி இரண்டும் துடைத்து லேசாய் எண்ணெய் தடவியிருந்தது. நன்றாய்த் துடைத்திருக்கிறாய். வேறு ஒன்றும் இல்லை. ஸ்தானியா திருகுகளை வெளியே எடுத்துவைத்துவிட்டு, மூலை மூலையாய்க் கையை விட்டுப் பார்த்தாள். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு வால்நட்கூட இல்லை. "மறந்திருப்பா" என்றாள். நீ மறக்கிறவள் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

நான் கோபப்படவில்லை என்று எழுத நினைத்தேன். படுகிறேன். தப்பு செய்தேன் என்று அவன் சொல்லியிருந்தால் பஸ் ஏறி வந்து உங்கள் முற்றத்தில் மண்டி போட்டிருப்பேன், கல்லால் அடித்தாலும் வாங்கியிருப்பேன். தப்பில்லை என்கிறான். அப்புறம் நான் எங்கே போய் மண்டி போடுவது? கத்தியை எடுத்தவன் ஒரு தடவை சுரண்டியிருந்தால் என்ன? நான் அதற்காகவா கோபித்துக்கொள்வேன்? முப்பது வருஷத்தில் என்னை அவ்வளவுதான் தெரிந்துவைத்திருக்கிறானா?

அதை எழுதியதும் எழுந்து போய் முற்றத்தைச் சுற்றிவிட்டு வந்தேன். கோபித்துக்கொண்டிருப்பேன், லியுபிங்கா. அது அவனுக்கு நன்றாய்த் தெரியும்.

கேட்டைச் சுரண்டிவிட்டேன். ஒரு கம்பி மிச்சமில்லாமல். ஸ்தானியா பைத்தியமா என்று கத்தினாளாம். எனக்குக் கேட்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. ஞானஸ்நானத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. பாப்பாவுக்கு நான் வைத்திருந்த பெயரை யாரிடமும் சொல்லவில்லை, ஸ்தானியாவிடம்கூட. வேறொருவன் கூம் நிற்கும்போது அவன் வைப்பதுதான் பெயர், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் இது என் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து என்ன செய்ய? ரொசாந்தா. ரதோசாவின் அம்மா பெயர். அவனைச் சர்ச்சில் திடுக்கிட வைக்க வேண்டும் என்று ஒரு வருஷமாய் ஆசைப்பட்டேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

மோமிர்


பிரோட்
மே 9

கூம்,

கூம் என்றே எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும். உண்மையாகவே உயிர்த்தெழுந்தார்.

ஞானஸ்நானம் முடிந்தது. மழை. டாக்ஸியில் போனோம். ட்ரிஸ்தாச் இன்னும் கட்டைமேல்தான் நிற்கிறது, விற்கவும் மாட்டேன் என்கிறார், தொடவும் மாட்டேன் என்கிறார்.

உங்கள் கடிதத்தை அவருக்கு முழுதும் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொண்டிருப்பேன் என்று நீங்கள் எழுதிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார். பெயர் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். தாளை நான் அடுப்பில் போடவில்லை.

சர்ச்சில் பாதிரியார், "பெயர் என்ன?" என்றார். அந்தப் பையன் ஏதோ ஒரு பெயரை யோசித்து வைத்திருந்தான், வாயைத் திறந்தான். அதற்குள் ரதோசாவ் அவன் தோளில் கை வைத்தார். தாடைக் கம்பியை அவிழ்த்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது, யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. முதல் பேச்சு அது. "ரொசாந்தா" என்றார். வார்த்தை கோணலாய்த்தான் வந்தது. பாதிரியாருக்குப் புரியாமல் திரும்பக் கேட்டார். மறுபடி சொன்னார்.

அவ்வளவுதான், கூம். நீங்கள் வர வேண்டாம். நான் கேட்டேன், முடியாது என்றார், இப்போது வாயாலேயே சொன்னார். இனி நானும் கேட்கப்போவதில்லை. பெட்டியைக் காலியாய் அனுப்பச் சொன்னது அவரில்லை, நான். அன்றைக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது.

பாப்பா நன்றாய் இருக்கிறாள். நாள் முழுக்க யாராவது ரொசாந்தா, ரொசாந்தா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ரதோசாவ் கண் இருக்கிற பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று மட்டும் இதுவரை சொல்லவில்லை.

லியுபிங்கா